ஜெனிட்டாவும் நானும் ‘டேக்’ படித்த வருஷம்

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றாள். “அம்மா, டேக்னா எடுக்கிறதுதானே? அப்ப டேக் பிளேஸ்னா எடத்த எடுத்துக்கிறதா?” என்று கேட்டாள். ‘டேக்’ சேர்ந்து வரும் சொற்களாகப் பார்த்து எழுதிக்கொண்டு வரும்படி இங்கிலீஷ் மிஸ் சொல்லியிருந்தாராம். “இல்லடி, நடக்கிறதுன்னு அர்த்தம்” என்றேன். “அதுல நடக்கிறது எங்கம்மா இருக்கு?” என்றாள். நியாயமான கேள்விதான். பால் பொங்குகிற மாதிரி இருந்ததைச் சாக்காக வைத்து, அடுப்பைக் குறைக்கத் திரும்பிக்கொண்டேன்.

என்னைப் பார்த்தால் இதெல்லாம் தெரிந்தவள் என்று உங்களுக்குத் தோன்றாது. இங்கிலீஷில் நான் முழுசாகப் பேசி முடித்த வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ‘டேக்’கை மட்டும் கேளுங்கள். டேக் எ சீட், டேக் எ லுக், டேக் டர்ன்ஸ், டேக் நோட்ஸ் என்று மூச்சு விடாமல் சொல்வேன். ஜெனிட்டாவோடு சேர்ந்து அந்த ஒரே சொல்லைக் கட்டிக்கொண்டு அழுத வருஷம் ஒன்று இருந்தது.

நாங்கள் இருவரும் போடியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தோம். நான் ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சில் வந்து போவேன். அவள் வீடு ஊருக்குள்ளேயே, மலை பார்த்த பக்கத்தில். போடிக்குப் புதிதாக வருகிறவர்கள் பஸ்சை விட்டு இறங்கியதும் மூக்கை இழுத்து, “ஏலக்காய் வாசனை!” என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. எங்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குள் தெரியும். டெட்டால் வாடைக்கு நடுவே, மலையிலிருந்து வரும் பெண்களின் கையிலிருந்து அந்தப் பச்சை வாசனை எழும்பும். ஊசி போடக் கையைப் பிடித்தால் நம் கையிலும் ஒட்டிக்கொள்ளும். சோறு சாப்பிடும்போதும் வாசனை வரும்.

ஜெனிட்டாவுக்கு அந்த வாசனை பிடிக்காது. அவள் அம்மா மரியபுஷ்பம் விடியும்போதே ஜீப்பில் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போகிறவர். வருஷத்தில் பாதிக்குமேல் வீடு முழுக்க அந்த வாசனைதான். “நான் இங்கிலாந்து போனதும் டீயில ஏலக்கா போடவே மாட்டேன் பாரு” என்பாள். இங்கிலாந்து போவது என்பது அவளுக்குச் சினிமாவுக்குப் போவது மாதிரி, டிக்கெட் மட்டும்தான் பாக்கி. நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், பாஸானால் போய்விடலாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தேனிக்கு ஒரு வகுப்புக்குப் போனாள். திங்கட்கிழமை டீ நேரத்தில், படித்து வந்ததை எனக்குச் சொல்வாள். எனக்கு எதற்கு அது என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா போடியிலேயே மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார். நான் எங்கும் போகப்போவதில்லை. ஆனால் அவள் சொல்லும்போது, நானும் ஏதோ பெட்டி கட்டி வைத்திருப்பதுபோல ஒரு சந்தோஷம்.

தனித்தனிச் சொல்லாகப் படிக்காதீர்கள், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று படியுங்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். முதலில் ‘டேக்’. அதைத் தாண்டவே எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று. மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், இங்கிலீஷ்காரர்கள் எடுக்கிறார்கள். காய்ச்சலை நாம் பார்க்கிறோம், அவர்கள் எடுக்கிறார்கள். குளிக்கிறதைக்கூட எடுக்கிறார்கள். சரி, நாம் எதையெல்லாம் எடுக்கிறோமோ அதையெல்லாம் ‘டேக்’ என்று சொல்லிவிடலாம் என்று நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். அன்றைக்கே ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம், “சார், பேஷண்ட் டேக்கிங் வாமிட்” என்றேன். வாந்தி எடுக்கிறார் அல்லவா? டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, “எங்க எடுத்துட்டுப் போறாரு?” என்று கேட்டார். ஜெனிட்டா திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவளுக்கும் ஒருநாள் நடந்தது. எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு கங்காணி அண்ணனிடம், மிடுக்காக, “பிளீஸ் டேக் எ சீட்” என்றாள். அந்த மனுஷன் பவ்யமாக நாற்காலியைத் தூக்கி, “எங்கிட்டும்மா வைக்கணும்?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சொன்னதைத்தான் செய்தார்.

இதையெல்லாம் ஜெனிட்டா வீட்டில் போய்ச் சொல்லுவாள். மரியபுஷ்பம் அம்மா அதைக் கேட்டுச் சிரித்ததை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பார். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏண்டி, நாங்க காயி எடுக்கப் போறமே, அதுக்கும் இந்த டேக்குதானா?” என்று கேட்டார்.

“அதுக்கு வேறம்மா. அதுக்குப் பிக்.”

“பாத்தியா ஆத்தா,” என்று என் பக்கம் திரும்பினார். “ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஒரு சொல்லு, எங்களுக்கு மட்டும் தனியா.” அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு வந்தது வேறு மாதிரி.

மழைக்காலம் முடிகிற சமயம். தேர்வுக்குத் தேதி குறித்திருந்தார்கள். ஒருநாள் காலையில் நாங்கள் டியூட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு மூன்று ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மலை உச்சியில், மெட்டுக்கு மேலே எஸ்டேட் பாதையில், பனிமூட்டத்தில் ஒரு ஜீப்பு உருண்டுவிட்டது. காய் எடுக்கப் போன பெண்கள். ஜீப்பு என்றால் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பார்கள். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரொம்ப மோசமாக இருந்தவர்களை நேராகத் தேனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மற்றவர்கள் எங்களிடம் வந்தார்கள். வராந்தா முழுக்க ரத்தமும், சேறும், ஏலக்காயும்.

ஜெனிட்டா பதறவில்லை. அவள் அம்மா வேறு எஸ்டேட்டுக்குப் போகிறவர், வேறு ஜீப்பு. தோள்பட்டை எலும்பு முறிந்த ஒரு அக்காவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, “மூச்ச நல்லா இழுங்கக்கா, இழுங்க, விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக, “நீ புஷ்பம் மகதான?” என்றார்.

“ஆமாக்கா.”

“உங்கம்மா எங்க வண்டியிலதாண்டி வந்துச்சு. அவுக ஜீப்பு இன்னிக்கு வரலன்னு எங்களோட ஏறுச்சு.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜெனிட்டாவின் கை நின்றதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, முனையை உள்ளே செருகினாள். அப்புறம் எழுந்து, “இவங்களப் பாத்துக்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த ரத்தக் கறையோடு ரோட்டில் இறங்கி ஓடினாள்.

நான் வேலை முடித்துச் சாயங்காலம் தேனிக்குப் போனேன். பெரியாஸ்பத்திரியில் மரியபுஷ்பம் அம்மா கண்ணைத் திறந்து படுத்திருந்தார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஜெனிட்டா கால்மாட்டில் உட்கார்ந்து, பேனா முனையால் அவர் உள்ளங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். “இப்பத் தெரியுதாம்மா? இங்க?” இன்னும் கொஞ்சம் மேலே. “இங்க?”

“என்னத்தடி கேக்குற?” என்றார் அவர். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. சில வாரங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். தேர்வைத் தள்ளிவைக்க முடிந்தது, அதற்குமேல் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனிட்டாவுக்கு அப்பா கிடையாது. அண்ணன் ஆரோக்கியம் லோடு ஆட்டோ ஓட்டினான். கெட்டவன் இல்லை, ஆனால் அவன் கேட்ட கேள்வி வீட்டுச் சுவரெல்லாம் எதிரொலித்தது.

“நீ சீமைக்குப் போயிட்டா இங்க பீ மூத்திரம் அள்ளுறது யாரு? எம் பொண்டாட்டியா?”

அவன் மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கட்டிலிலிருந்துதான் குரல் வந்தது.

“ஏண்டா, எனக்குக் காலுதானே போச்சு? வாயி போகலையே? என்னய வச்சுக்கிட்டே என்னயப் பத்திப் பேசுறீக. அவ போகட்டும். நான் மலையேறுனது இவ இங்க ஒக்காந்து என் மூஞ்சியப் பாக்குறதுக்கா?”

மறுநாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து ஜெனிட்டா என்னிடம் சொன்னது இது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. “அம்மா போன்னு சொல்லுறதுக்கு முன்னாடியே எனக்குப் போகணும்னுதாண்டி இருந்துச்சு. பெரியாஸ்பத்திரியில கால அமுக்கிப் பாத்தேன்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்பக்கூட, பரீட்ச என்னிக்குன்னுதான் மனசு கணக்குப் போடுது. நான்லாம் மனுசியாடி?”

டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தேன். “கல்யாணம் ஆனா நான் போடிலதான இருப்பேன். டியூட்டிக்குப் போறப்ப ஒரு எட்டு வந்து பாத்துக்கிறேன்” என்றேன். பெரிய யோசனையெல்லாம் இல்லை. வாயில் வந்தது.

அதன்பிறகுதான் அந்த விசித்திரமான படிப்பு நடந்தது. தேர்வில் நர்ஸ் நோயாளியோடு பேசுவதுபோல நடித்துக் காட்ட வேண்டும். ஒருவர் நோயாளியாக இருந்து பழக வேண்டும். எங்களுக்குக் கட்டிலிலேயே ஒரு நோயாளி இருந்தார். ஜெனிட்டா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை மாற்றிக்கொண்டு, “குட் மார்னிங் மிஸஸ் மேரி. மே ஐ டேக் யுவர் பிளட் பிரஷர்?” என்பாள். மரியபுஷ்பம் அம்மா மரியாதையாகக் கையை நீட்டுவார். எதைக் கேட்டாலும், “எஸ் எஸ், டேங்க்யூ” என்பார்.

“அம்மா, வலிக்குதான்னு கேட்டா எஸ்ஸுன்னு சொல்லிட்டு டேங்க்யூ சொல்லக் கூடாது.”

“கேட்டதுக்கு ஒரு நன்றி சொல்லக் கூடாதா? நல்ல ஊருடி.”

“டேக் எ டீப் பிரெத்” என்றால் மட்டும் அவருக்கு நன்றாகப் புரியும். ஆழமாக இழுத்து, கண்ணை மூடி, விடுவார். ஒருநாள் அப்படி இழுத்துவிட்டு, “காயி வாசன வருதுடி” என்றார். பக்கத்துத் தெருவில் காய் தரம் பிரிக்கிற இடம் உண்டு, அங்கிருந்து வந்திருக்கும். ஜெனிட்டா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். “சாத்தாத, இருக்கட்டும்” என்றார் அவர். ஜெனிட்டா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், எங்கள் பக்கம் திரும்பாமல்.

தேர்வில் பாஸானாள். போனாள். அதற்குள் நான் கல்யாணமாகிப் போடிக்கு வந்திருந்தேன். சொன்னபடி காலையில் ஒரு எட்டு அந்த வீட்டுக்குப் போவேன். துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுவிடுவேன். ஆரோக்கியத்தின் மனைவி முதலில் முகம் கொடுக்கவில்லை, பிறகு ஒருபக்கம் பிடிக்க வந்தாள். என் வீட்டுக்காரர், “ஊரான் வீட்டுல உனக்கு என்ன சோலி?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவரே என்னை வண்டியில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். ஜெனிட்டாவிடமிருந்து செய்தி வரும். குளிர், பஸ், நைட் டியூட்டி, அம்மா எப்படியிருக்கு. ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘டேக் கேர்’ என்று இருக்கும். நாங்கள் படித்ததுதான். ‘டேக் கேர்’ என்று நிறுத்தினால் போய்வருகிறேன் என்று அர்த்தம். அதோடு ஒரு ‘ஆஃப்’ சேர்ந்தால், ஒரு ஆளைப் பார்த்துக்கொள்வது. சில நாள் அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். சில நாள், ஒன்பது வயதுப் பெண்பிள்ளையைத் தனியாகக் கடைக்கு அனுப்பிவிட்டதுபோல அவளை நினைத்துப் பயம் வரும்.

அப்புறம் அந்தக் கிருமி வந்தது. ஊரடங்கில் மலைக்குப் போகும் ஜீப்பெல்லாம் நின்றுபோய், தெருவே இல்லாததுபோல் ஆனது. மரியபுஷ்பம் அம்மாவுக்கு வந்தது அந்த நோய் இல்லை. முதுகுப் புண்ணிலிருந்து ஏறிய காய்ச்சல். அத்தனை பவுடர் போட்டும் வந்துவிட்டது. வண்டி கிடைத்து, தேனிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் தடுத்தார்கள். போகிற வழியில் என் கையைப் பிடித்து, “அவகிட்ட வெரசா சொல்லிராத. அங்க தனியா இருக்கும் புள்ள” என்றார். அன்றைக்கு மத்தியானம் போய்விட்டார்.

விமானம் கிடையாது. ஜெனிட்டா அழுததை நான் போனில் கேட்டேன்; அது அழுகை மாதிரியே இல்லை, யாரோ மேசையை இழுப்பதுபோல் இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குச் சிலபேர்தான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். பாதர், ஆரோக்கியம், குழி வெட்டியவர், நான், இன்னும் ஒருவர் இருவர். வீடியோவில் ஜெனிட்டாவுக்குக் காட்ட, போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்தப் பக்கம் அவள் யூனிஃபார்மோடு ஏதோ ஒரு வராந்தாவில் நின்றிருந்தாள், வார்டிலிருந்து கொஞ்ச நேரம் கேட்டு வெளியே வந்திருக்கிறாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. “அம்மா மொகத்த இன்னும் கொஞ்சம் காட்டுடி” என்றாள். காட்டினேன். “கிட்டக்க.” கிட்டே போனேன். அவள் கீழே விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், நான் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மண் விழுந்த சத்தம் காதில் கேட்டது.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. பெரிய டாக்டர் காலமானபின் அந்தக் கட்டடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. நாங்கள் டீ குடித்த மாடிப்படியில் யாரோ டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மலையில் காய் எடுக்க இப்போது இந்தி பேசுகிற பிள்ளைகள் வந்து எஸ்டேட்டிலேயே தங்குகிறார்கள். ஆரோக்கியம் வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். ஜெனிட்டாவின் செய்திகள் மாதத்துக்கு ஒன்றாகி, கிறிஸ்துமஸுக்கு ஒன்றாகின.

போன வருஷம் அவள் வந்தாள். உடம்பு போட்டிருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். வாசலில் நின்று, “உன் நேரத்த எடுத்துக்கிறேனோ?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னடி, இங்கிலீஷ்ல தமிழ் பேசுற?” என்றேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் அம்மாவுடையது, சத்தமில்லாமல் வயிறு மட்டும் குலுங்கியது.

கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள். பூக்கடையில் நிறையப் பூ வாங்கினோம். உள்ளே போனதும் எனக்குத் திக்கென்றது. புதிதாகக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நின்ற மரங்களையெல்லாம் வெட்டி, பாதை போட்டிருந்தார்கள். அந்த ஊரடங்குச் சமயத்தில் நட்ட மரச்சிலுவைகள் எல்லாம் மழையில் மக்கிப் போயிருந்தன. ஒரு பக்கம் முழுக்கப் பெயரில்லாத மேடுகள்.

“எந்த எடம்டி?” என்றாள்.

நான் சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு அங்கே நின்றவள் நான்தான். ஆனால் என் கண்ணில் இருந்தது அந்த இடம் இல்லை. போனில் தெரிந்த அவள் முகமும், அவளுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரும், மேலே எரிந்த டியூப் லைட்டும் இன்றைக்கும் எனக்கு அச்சாக நினைவிருக்கிறது. என் காலடியில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. ஆரோக்கியத்துக்குப் போன் போட்டோம். “அந்த வேப்பமரத்துக்கு எதுத்தாப்புலதான்” என்றான். வேப்பமரம் எங்கே இருந்தது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. குழி வெட்டியவரும் அடுத்த அலையில் போய்விட்டாராம்.

“எனக்குத் தெரியலடி” என்றேன்.

ஜெனிட்டா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கீழே உட்கார்ந்து, மாலையின் நாரைப் பல்லால் கடித்து அறுத்து, பூவையெல்லாம் மடியில் உதிர்த்துக்கொண்டாள். சுவரோரத்து முதல் மேட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே போனாள். நானும் மடியில் வாங்கிக்கொண்டு அடுத்த வரிசையில் வைத்தேன். போகப் போக, ஒரு மேட்டுக்கு ஒரு பூவாகக் குறைத்துக்கொண்டோம். அப்படியும் பூ தீர்ந்துவிட்டது. மேடுகள் இன்னும் இருந்தன.